கெட்டுப்போன கார்டு மெஷின்

"திருடி யாருன்னு எனக்கே தெரியும். எப்படித் திருடினாள்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்தாப் போறும்" என்றார் கிட்டு, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

பாதி வேலையை அவரே முடித்துக்கொண்டு வந்திருக்கிறார், பாதி ஃபீஸ்தான் தருவாரோ என்று எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. என் பெயர் ஜோஷுவா. நாகர்கோவில்காரன். ஹிஞ்ஜவடியில் ஐ.டி. வேலைக்காகப் புனே வந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி எனக்குக் கேக் ஊட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இப்போது நிக்டியில், ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருக்கும் ரமா மேடத்தின் துப்பறியும் ஆபீசில் உதவியாளன். மேடம் இருபத்திரண்டு வருஷம் வங்கியில் ஆடிட் பார்த்தவர். ஒரு நாள் மேலதிகாரியின் கணக்கையும் பார்த்துவிட்டார். அதனால்தான் இங்கே இருக்கிறார்.

"உட்காருங்க சார். முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் மேடம்.

கிட்டுவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா. நிக்டியிலேயே பிராதிகரண் பகுதியில் இருக்கும் 'பட்டு ஸ்டோர்ஸ்' அவருடையது. இட்லி மாவு, காபிப்பொடி, அப்பளம், நல்லெண்ணெய் என்று நிக்டியில் இருக்கிற தமிழர்களின் வயிற்றுப்பாடு அங்கேதான் நடக்கிறது. பட்டு அவர் மனைவியின் பெயர். மாவு அரைக்கும் பெருமை அவருக்கு, போர்டில் பெயர் மாமிக்கு.

"கல்லாவுல எட்டு வருஷமா உட்கார்ந்திருக்கா. பேரு பவுன். சேலத்துக்காரி. புருஷன் போசரியில லேத் பட்டறையில இருந்தான், போய்ச் சேர்ந்துட்டான். பாவமேன்னு வேலை குடுத்தேன். ரெண்டு மாசத்துல அறுபத்தோராயிரத்து நானூறு ரூபா!" ஒரு சின்ன நோட்டை மேஜைமேல் போட்டார். "நாள்வாரியா எழுதி வச்சிருக்கேன். மூச்சு விடலை. இன்னிக்குக் காத்தால முகத்துக்கு நேரா கேட்டேன். வாயைத் திறக்கலை. ஆறு மணி வரைக்கும் டைம். பணத்தை வச்சா சரி, இல்லேன்னா போலீஸ் சௌக்கி."

"குறையுதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"கடை மூடறச்சே பில் புக்கைக் கூட்டுவேன். போன்ல வந்த பணத்தைக் கழிப்பேன். மிச்சம் கல்லாவுல இருக்கணுமோல்லியோ? இல்லை."

"பில் எழுதறது?"

"அவதான். முத்து முத்தா எழுதுவா."

மேடம் எதையோ குறித்துக்கொண்டார். "கார்டுல வர்ற பணம்?"

கிட்டுவின் முகம் போன போக்கைப் பார்த்தால் யாரோ அவர் மாவில் சோடா உப்பு போட்ட மாதிரி இருந்தது. "கார்டா? நூறு ரூபாய்க்கு ரெண்டு ரூபா வெட்டறான் பாங்க்காரன். உளுந்து ஊறப்போட்டானா, கிரைண்டர் கழுவினானா? அவனுக்கு எதுக்குப் பங்கு? ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே 'மெஷின் கெட்டுப்போயிருக்கிறது'ன்னு மூணு பாஷையில போர்டு எழுதி மாட்டிட்டேன்."

"நிஜமாவே கெட்டுப்போச்சா?"

"மெஷின் நன்னாத்தான் இருக்கு. போர்டுதான் பொய்." பெருமையாகச் சிரித்தார். "ஹரீஷ்னு ஒரு பாங்க் பையன், மெஷினை ஏன் சும்மா வச்சிருக்கேள், வாடகை போடுவோம்னு மாசாமாசம் வந்து உயிரை எடுப்பான். போர்டு மாட்டினதுலேர்ந்து ஆளையே காணோம். பயந்துட்டான்."

"பவுன் மேல சந்தேகம் வர வேற ஏதாவது காரணம்?"

"இருக்கே! ஒண்ணாம் தேதி சம்பளத்தைக் கவர்ல போட்டுக் குடுப்பேன். பிரிச்சுக்கூடப் பார்க்க மாட்டா. அப்படியே பையில போட்டுண்டு போயிடுவா. சம்பளத்தை எண்ணிப் பார்க்காத ஜன்மம் உண்டா? வேற வரும்படி இருக்குன்னுதானே அர்த்தம்?"

எனக்கு அது பலமான சாட்சியாகத்தான் பட்டது. நான் வாங்கிய சம்பளத்தை மூன்று முறை எண்ணுவேன். கம்பெனி அக்கவுண்டில் போட்ட காலத்திலும் எண்ணினேன்.

"மாமிகிட்ட சொன்னீங்களா?"

"பட்டுவுக்கு பிபி. பவுன்னா அவளுக்கு உசிரு வேற. மூச்சு விடலை." கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "பதினொண்ணேகால் ஆயிடுத்து. சிஞ்ச்வட் போய் பாங்க்ல பணம் கட்டணும். தினம் பதினொண்ணரைக்குப் போனா பன்னெண்டரைக்கு வந்துடுவேன்."

"அதுவரைக்கும் கல்லாவுல யாரு?" என்று கேட்டேன்.

"பவுன்தான்."

"திருடியையா உட்கார வச்சிருக்கீங்க?"

"வேற யாரை நம்பறது?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நான் நோட்டைப் புரட்டினேன். ஒரு நாள் நானூறு, ஒரு நாள் மூவாயிரம். தேதிகளைப் பார்த்துக்கொண்டே போனதில் எனக்கு ஒன்று பொறி தட்டியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பைசா குறையவில்லை. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளிலும் குறையவில்லை.

"மேடம்! ஞாயிறு லீவு, ரெண்டாவது நாலாவது சனி லீவு. திருடன் பாங்க் ஆபீசர்!"

"இருபத்திரண்டு வருஷ அனுபவத்துல சொல்றேன், அதுக்கு எப்பவும் வாய்ப்பு உண்டு" என்றார் மேடம். "ஆனா பாங்க் லீவுன்னா இன்னொருத்தரும் ஒரு வேலையைச் செய்ய மாட்டார். யோசி."

யோசித்தேன். "கிட்டு சார் சிஞ்ச்வட் போக மாட்டார்!"

"அவர் கடையில இருக்கற நாள்ல ஒண்ணும் ஆகறதில்ல. அந்த ஒரு மணி நேரத்துலதான் எல்லாமே நடக்குது."

"அப்ப பவுனேதான். கேஸ் முடிஞ்சுது. சாப்பிடப் போலாமா?"

"ஜோஷுவா, நீ அந்தக் கல்லாவுல உட்கார்ந்திருக்க. அறுநூறு ரூபாயை அமுக்கணும். என்ன பண்ணுவ?"

"சாமானைக் குடுத்துட்டுக் காசைப் பாக்கெட்ல போட்டுக்குவேன்."

"பில்?"

"எனக்கென்ன பைத்தியமா, பில் போட..." பாதியில் நிறுத்தினேன்.

"அதான். பில் போடாம வித்தா கிட்டு சாருக்கு ஆயுசுக்கும் தெரியாது. இந்தப் பொம்பளை ஒவ்வொண்ணுக்கும் முத்து முத்தா பில் எழுதி வச்சிருக்கு. குறையறதே அதனாலதான் தெரிஞ்சிருக்கு." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ போய் அரைக் கிலோ காபிப்பொடி வாங்கு. கார்டை நீட்டிப் பாரு."

"என் கார்டுல பிளாஸ்டிக்கைத் தவிர வேற ஒண்ணும் இல்ல மேடம்."

"நீட்டத்தான் சொன்னேன்."

நான் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று நாற்பது. அட்டைப் போர்டு வாசலிலேயே தொங்கியது. மராத்தியில், இந்தியில், தமிழில் மெஷின் கெட்டுப்போயிருந்தது. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. கள்ளநோட்டு, கீழே வாங்கிய தேதியும் எழுதியிருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். காலையில் அழுதிருக்கிறாள் என்பது இமையில் தெரிந்தது. கை மட்டும் சில்லறையைப் பிசகாமல் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

கார்டை நீட்டினேன்.

"கார்டு வாங்கறதில்லீங்க. போர்டுலயே போட்டிருக்குதுங்களே" என்றாள் பவுன்.

போனில் கட்டினேன். மேஜைமேல் இருந்த ஸ்பீக்கர் முந்நூற்று நாற்பது ரூபாய் வந்ததை நிக்டி முழுக்க அறிவித்தது. கிளம்பாமல் அப்பளக் கட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் சாமி படத்தின் முன்னால் இருந்த ஊதுபத்தி ஸ்டாண்டு கண்ணில் பட்டது. விரல் நீளத்துக்குச் சின்ன வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள், ஐந்தாறை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பத்தி செருகியிருந்தது.

காலேஜ் படிக்கும்போது லீவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டவன் நான். அந்தக் குழாயை எங்கே பார்த்தாலும் தெரியும். கார்டு மெஷினில் சீட்டு வருகிற காகித உருளை தீர்ந்துபோனால் நடுவில் மிஞ்சுவது அது. கையால் பில் எழுதுகிற கடையில், மெஷின் கெட்டுப்போன கடையில், இத்தனை உருளைகள் எங்கே தீர்ந்தன?

வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு பெண் உள்ளே வந்தாள்.

"பவுன்க்கா, மாவு தோ பாக்கெட், காபி ஏக் கிலோ, நல்லெண்ணெய். ஜல்தி."

"வா சுஷ்மா. பாப்பாவுக்கு ஜொரம் விட்டுதா?"

"விட்டாச்சு அக்கா." அந்தப் பெண் வேறு பேச்சில்லாமல் ஒரு கார்டை மேஜைமேல் வைத்தாள். பவுன் வேறு பேச்சில்லாமல் கடுகு டின்னுக்குப் பின்னால் கையை விட்டாள். கெட்டுப்போன மெஷின் வெளியே வந்தது. பீப் என்றது. சீட்டைக் கிழித்துக் கொடுத்தது. திரும்பவும் கடுகுக்குப் பின்னால் போய்விட்டது. பிறகு பவுன் பில் புக்கை இழுத்து, கார்பனைச் சரி பண்ணி, நிதானமாக பில் எழுதினாள்.

நான் வெளியே பாய்ந்து மேடத்துக்குப் போன் போட்டேன். "மேடம், பிடிச்சிட்டேன்! தனியா ஒரு மெஷின் வச்சிருக்கா. கடைச் சாமான், பணம் மட்டும் அவ அக்கவுண்டுக்கு. பலே கைகாரி!"

"சீட்டுல யார் பேரு இருக்கு?"

"பார்க்கலை."

"பார்க்காமயே கேஸை முடிக்கணும்னா நான் எதுக்கு, கிட்டு சாரே போதுமே" என்று போனை வைத்துவிட்டார்.

ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டிருந்த சுஷ்மாவிடம் ஓடினேன். சீட்டைக் காட்டச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மதராஸிலேர்ந்து புதுசா? இன்னிக்கு தேதி இருபத்தாறு. அக்கவுண்ட்ல பைசா இல்ல, ஒண்ணாம் தேதி வரை கிரெடிட் கார்டுதான். அங்கிள் பாங்க் போற டைம்ல வா, உனக்கும் தேய்ப்பாங்க. லேகின் யார்கிட்டயும் போலாதே, சொல்லாதே." சீட்டைக் கையில் திணித்துவிட்டுப் பறந்தாள்.

சீட்டில் கொட்டை எழுத்தில் 'பட்டு ஸ்டோர்ஸ், நிக்டி' என்று இருந்தது. என் பலே கைகாரி அந்த இடத்திலேயே செத்துப்போனாள். ஹரீஷ் பயந்து ஓடவும் இல்லை. மெஷின் ஒழுங்காக ஓடுகிறது, அவன் எதற்கு வரவேண்டும்?

ஆபீசுக்கு வந்து சீட்டைக் கொடுத்தேன். மேடம் நேராகக் கிட்டுவுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். அவர் இன்னும் வங்கி வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"கார்டு மெஷின் பணம் எந்த அக்கவுண்டுக்குப் போகும் சார்?"

"அது தனி அக்கவுண்டு. மெஷினுக்காகவே ஆரம்பிச்சது. போர்டு மாட்டினப்புறம் அந்தப் பாஸ்புக்கைத் தொடவே இல்லை."

"பணம் வந்தா மெசேஜ் வருமே, யார் போனுக்கு?"

"என் நம்பரைக் குடுத்தா லோன் வேணுமா, கார்டு வேணுமான்னு நாளைக்கு நாலு பேர் கூப்பிடுவா. ஃபாரத்துல பட்டு நம்பரை எழுதிட்டேன். அவ பார்த்துக்கட்டும்."

மேடம் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்ப்பது அது இரண்டாவது முறை. முதல் முறை என் பயோடேட்டாவைப் படித்தபோது.

ஐந்தரை மணிக்குப் பட்டு ஸ்டோர்ஸில் இருந்தோம். பவுன் கல்லாவை விட்டு எழுந்து, தன் பையை மார்போடு பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். கம்ப்ளெயிண்டை மூன்று பேனாவில் ஏதோ ஒன்றால் எழுதி வைத்திருந்தார் கிட்டு.

"உங்க கடையில திருட்டுப் போனது ஆயிரத்து இருநூத்து இருபத்தெட்டு ரூபா" என்றார் மேடம்.

"அறுபத்தோராயிரத்து..."

"அதுல அறுபதாயிரத்து நூத்து எழுபத்திரண்டு ரூபா உங்க அக்கவுண்டுல பத்திரமா இருக்கு. மிச்சம் ரெண்டு பர்சென்ட், பாங்க் எடுத்துக்கிட்டது. போலீஸ்ல எழுதணும்னா அவங்க பேரைப் போடுங்க." மேடம் எட்டிப்போய்க் கடுகு டின்னை நகர்த்தினார். மெஷின் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது.

கிட்டு மெஷினைப் பார்த்தார். பவுனைப் பார்த்தார். "கார்டு தேய்ச்சியா?" என்று கேட்ட குரலில் இருந்த அதிர்ச்சி, திருட்டைப் பற்றிச் சொன்னபோதுகூட இல்லை. "யாரைக் கேட்டுண்டு தேய்ச்சே?"

"என்னைக் கேட்டுண்டு."

வாசலில் ஆட்டோவிலிருந்து பட்டு மாமி இறங்கிக்கொண்டிருந்தாள். மத்தியானமே மேடம் அவளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லி, கணக்கு விவரங்களையும் கேட்டு வாங்கி, ஐந்தரைக்கு வரச் சொல்லியிருந்தார். மாமி உள்ளே வந்த வேகத்தில் பிபி யாருக்கு என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

"என் கண்ணெதிர்ல ஒரே நாள்ல மூணு பேர் உங்க போர்டைப் பார்த்துட்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனா. மாசக் கடைசியில யார்கிட்ட இருக்கு ரொக்கம்? நான்தான் தேய்க்கச் சொன்னேன். தீபாவளி வியாபாரம் முடிஞ்சதும் பாஸ்புக்கைக் காட்டலாம்னு இருந்தேன். பில் மட்டும் போடாதேடின்னு தலையால அடிச்சுண்டேன், கேட்டாத்தானே!"

"பில்லு இல்லாம சாமானைக் குடுத்தா அது திருட்டுங்க மாமி" என்றாள் பவுன். நாங்கள் வந்ததிலிருந்து அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

பில் போடாமல் விட்டிருந்தால் அவளை ஒருவரும் திருடி என்று சொல்லியிருக்க முடியாது.

"காலம்பறயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் மேடம்.

"கொத்தமல்லி வெல ஏறினாக்கூட மாமிகிட்ட சொல்லாம மாமாவுக்குத் தூக்கம் வராதுங்க. இதச் சொல்லாமயா இருந்திருப்பாரு? மாமிக்குத் தெரிஞ்சும் வரலைன்னு நெனச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவங்களுக்கு வாக்கு குடுத்திருந்தேன். அவங்களே வந்து சொல்லட்டும்னு இருந்தேன்."

மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கிட்டு விடுகிற மாதிரி இல்லை. "இருந்தாலும் ஆயிரத்து இருநூத்து இருபத்தெட்டு ரூபா தண்டம்தானே? ரொக்கமா வாங்கியிருந்தா ஒரு பைசா செலவு உண்டா?"

அந்தக் கேள்விக்காகவே மேடம் காத்திருந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இதே ரெண்டு மாசத்துல நாற்பத்தெட்டு தடவை சிஞ்ச்வட் போயிருக்கீங்க. ஆட்டோ போக வர நூத்திருபது. ஐயாயிரத்து எழுநூத்து அறுபது."

"ஆட்டோவை எப்படிச் சேர்க்கலாம்?"

"பணம் தானா நடந்து பாங்க்குக்குப் போகலையே சார். இலவச வரம்புக்கு மேல பணம் கட்டினதுக்கு பாங்க் பிடிச்சது ஆயிரத்து நூத்தைம்பது. பெட்ரோல் பங்க்ல சில்லறை வாங்க ஆயிரத்துக்கு எண்பது ரூபா கமிஷன், அது ஆயிரத்து இருநூத்து எண்பது. சுவத்துல மாட்டி வச்சிருக்கீங்களே, அது ஐந்நூறு. மொத்தம் எட்டாயிரத்து அறுநூத்தித் தொண்ணூறு. நீங்க கட்டின ரொக்கம் ரெண்டு லட்சத்து தொண்ணூறாயிரம். நூத்துக்கு மூணு ரூபா ஆகுது."

"மூணா?"

"கார்டுக்கு ரெண்டு. அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் கூலி போடலை."

கிட்டு தாளை வாங்கி மூன்று பேனாவாலும் கூட்டிப் பார்த்தார். மூன்றாலும் அதே தொகைதான் வந்தது.

"மாமா, எங்க ஃபீஸ் ஐயாயிரம்" என்றேன். "ரொக்கமா தந்தா ஆட்டோ சார்ஜ் தனி."

யாரும் சிரிக்கவில்லை. பவுன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "நான் வர்றேங்க மாமி" என்றாள். எப்போது வருவாள் என்பதைச் சொல்லவில்லை. மாமி அவள் கையைப் பிடித்தாள். அவள் மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

சாயங்கால வியாபாரம் வரிசையாக உள்ளே நுழைந்தது. கிட்டு வேறு வழியில்லாமல் கல்லாவில் உட்கார்ந்தார். முதல் ஆள் ஒரு கார்டை நீட்டினார். போர்டைக் காட்டப் போன கை, மாமியின் கண்ணைப் பார்த்துப் பாதியில் நின்றது. மெஷினை எடுத்தார். அழுத்தினார். அது கத்தியது. கார்டை இந்தப் பக்கம் செருகினார், அந்தப் பக்கம் செருகினார். வரிசை வாசலைத் தாண்டிவிட்டது.

"தலைகீழா பிடிச்சிருக்கீங்க" என்றாள் பவுன், படியில் நின்றபடி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த மனுஷனுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. எழுந்துபோய் வாசலில் இருந்த போர்டைக் கழற்றினார். கம்ப்ளெயிண்ட் தாளை அதோடு சேர்த்து நாலாகக் கிழித்தார். "தப்பு பண்ணிட்டேன் பவுன். மன்னிச்சுக்கோ" என்றார், வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி.

பவுன் செருப்பைக் கழற்றினாள். கல்லாவில் உட்கார்ந்து, மெஷினை நேராகத் திருப்பி, கார்டைத் தேய்த்து, சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். பில் புக்கை இழுத்துக் கார்பனைச் சரி செய்தாள்.

"மாமா" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "அடுத்த மாசத்துலேர்ந்து சம்பளத்த அக்கவுண்ட்ல போட்டுருங்க. கவர்ல குடுத்தா இனிமே எண்ணிப் பாப்பேன்."